அரை மருந்து

தேய்ந்த எழுத்துகளை றாத்தல் கணக்கில் கேட்டு
வண்ணார்பண்ணை அச்சகத்துக்கு வந்தவர்
கொலிஜ் கடேற் படையின் சார்ஜன்ட்,
பெயர் அருமைநாயகம்.
எதற்கு என்று கேட்டேன்.
"பொடியளின்ர தோள் நோகுது" என்றார்.

அந்தப் பதில் விளங்க
எனக்கு ஒரு கலியாணம் தேவைப்பட்டது.

திறீ நொட் திறீ.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழு என்று
இரும்பில் குத்தியிருக்கும்.
யாரோ வெள்ளைக்காரனின் சேற்றுக் குழிக்காகச் செய்தது
இங்கே பதினாலு வயதுத் தோள்களில்
முழு மருந்தோடு உதைத்தது.
குலசேகரத்தாரின் மகன் வெஸ்லிக்கு
நாவற்பழ நிறத்தில் கண்டியிருந்தது.
அதற்குப் பிறகு அவன்
விசையில் விரல் படுமுன்னே கண்ணை மூடினான்.

அதனால் எங்கள் குசினியில் ஈயம் உருகியது,
மண்ணெண்ணெய் அடுப்பில்,
நான் மீன் பொரித்த தாச்சியில்.
(அன்றோடு அது சமையலுக்கு உதவாமல் போனது.)
முதலில் ககரங்கள் சாயும்,
பிறகு கொம்புகள், சுழிகள்.
கலியாணக் கடிதம், கோயில் நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு
எல்லாம் அடித்து மூக்கு மழுங்கியவை
ஒரே வெள்ளிக் குளமாகும்.
அழுக்கை வழித்து, அச்சை மூடி
அவர் ஊற்றுவார், தட்டித் திறப்பார்:
சாக்கின் மேல் விழும் ரவை
புதுப் பல்லுப் போல.
ஆறியபின் அதன் இடுப்பில்
தேன்மெழுகு பூசுவது என் வேலை.

மருந்து நிறுப்பதும் என் வேலை.
தட்டார் வீட்டுப் பெண்;
அப்பாவின் தராசு சீதனத்தோடு வந்தது.
பித்தளைக் கோதின் அடியில்
கடுகு போலக் கொஞ்சம், பாதிக்கும் குறைய.
மறந்து இரண்டு தரம் போட்டால்
துவக்கு முகத்திலேயே திறக்கும்.
ஆகையால் வாய் திறக்காமல் நிறுத்தோம்.
எங்களுக்குள் சண்டை வந்த நாட்களில்
வேலை மிகச் சுத்தமாக நடந்தது.
பிறகு அவர் ரோர்ச் அடித்து
ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்,
காது வலிக்கும் பிள்ளையைப் பரியாரி பார்ப்பதுபோல.

சனிக்கிழமை. கோட்டை மதிலின் கீழ் மண்மேடு.
சுடுமுன் குழலை ஒருமுறை வானத்துக்குத் தூக்கவேண்டும்,
கொஞ்ச மருந்தல்லவா, பின்னுக்கு வந்து சேரட்டும்.
வரிசையாகப் பொடியள் தூக்கும்போது
சூரியனிடம் அனுமதி கேட்பது போலிருக்கும்.
சத்தம்
ஒரு பனங்காய் விழுந்த அளவு.
அகழி ஓரம் மேய்ந்த ஆடு தலை நிமிர்த்தவில்லை.
வெஸ்லி கண்ணை மூடவில்லை.
தாளைக் கழற்றி ஓடிவந்து என்னிடம் நீட்டினான்.
மேலே ஒன்று, கீழே இரண்டு:

ஃ

அந்த எழுத்தை நான் கொடுத்ததே இல்லை.
என் பெட்டியில் தேயாமல் கிடப்பது
அது ஒன்றுதான்.

பொழுதுபட மண்ணை அரிதட்டில் அரித்து
நசிந்த ஈயத்தைத் திருப்பி எடுத்துவருவோம்.
அதே எழுத்துகள் எத்தனை சனிக்கிழமை பறந்தனவோ,
கணக்கில்லை.

எழுபத்தொன்று சித்திரையில் ஒரு லொறி வந்தது.
துவக்குகளை எண்ணி ஏற்றினார்கள்.
அவரிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
ரவைகளை ஒருவரும் கேட்கவில்லை.
இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தல், கழுத்து மட்டும்.

பிறகு இந்த ஊருக்கு வந்ததெல்லாம் முழு மருந்து.
எவருடைய தோளுக்காகவும்
ஒருவரும் நிறுக்கவில்லை.

சோதனை வருகிறது என்று கேள்விப்பட்ட இரவில்
அவர் உயிரோடு இல்லை.
நானே தாச்சியை எடுத்தேன்.
விரல் மொத்தத்தில் ஊற்றித் துளையிட்டு
விடியமுன் குருநகர் மரியநேசத்திடம் கொடுத்தேன்,
வலைக்கு.
என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை.
அடுத்த கிழமை வாசலில் ஒரு திருக்கை கிடந்தது.

வெஸ்லி கனடாவில் என்கிறார்கள்.
இல்லை என்றும் சொல்கிறார்கள்.

அச்சகக் கொப்பியில் மட்டும்
என் கையெழுத்து இன்னும் நிற்கிறது:
கொலிஜ் கடேற், தேய்ந்த எழுத்து மூன்று றாத்தல்,
காசு வரவில்லை.