கொழுகொம்பு

டார்ட்டு நகரில் ஞாயிற்றுக்கிழமை. பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடந்தது.
பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் என்றது பலகை.
ஹெல்வே நடந்தே வந்தாள்,
காலணிப் பனியை வாசலில் மூன்று முறை தட்டி உதிர்த்தாள்.

செல்களுக்கு ஞாயிறு கிடையாது.
பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டுப் புதியது விட வேண்டும்,
வெளிறிய மாதுளைச் சாறு போல ஒன்று.
மஞ்சளாகிவிட்டால் பசியென்று பொருள்.
பெட்டிக்குள் எப்போதும் முப்பத்தேழு டிகிரி.
இந்த ஊரில் நவம்பரிலிருந்து
வெயில் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

தட்டின் மேல் கறுப்பு மையில்: கொடி 47.

ஏதோ ஒரு பிரசவத்தில்
வெட்டிக் குப்பைக்குப் போகவிருந்த தொப்புள்கொடி.
வலி தொடங்குமுன் யாரோ ஒருத்தி
ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறாள்.
அதன் உட்சுவரை உரித்தெடுத்து
ஜெல்லில் விதைத்தால் முதல் நாள் வெறும் புள்ளிகள்.
தனியே விட்டால் துவண்டு போகும்.
கொடியென்றால் கொழுகொம்பு வேண்டுமே.
அதற்கு இன்னொருவர்:
அறுவையில் வழித்த வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம்,
ஆண், வயது அறுபத்திரண்டு, அவ்வளவுதான் தெரியும்.
முன்பின் அறியாத இருவர்
மூன்றாம் நாள் கைகோத்து
ஆறாம் நாள் குழாயாகி
இன்று ஒன்பது.

குனிகிறாள்.
இருட்டில் பச்சையாய் ஒளிரும் கிளைகள்,
பிரிந்து, சேர்ந்து, முட்டுச்சந்தில் திரும்பி,
யாரும் வரைந்து கொடுக்காத தெருக்கள்.
ரத்தம் இல்லை. அனுப்ப இதயமில்லை.
போய்ச் சேர ஒரு விரல்நுனி இல்லை.
ஆனாலும் உள்ளே வெற்றிடம் காத்து
திறந்தே வைத்திருக்கின்றன வழியை.

பதினோரு மாதம் முன்பு
அதே மருத்துவமனையில், அதே தாளில்
ஹெல்வேயும் கையெழுத்திட்டாள்.
எண்ணுக்குரிய பெயர்கள்
வேறு கட்டடத்தில், வேறு யாரோ பூட்டும் அலமாரியில்.
கேட்கக் கூடாது. கேட்டதில்லை.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே,
கண்ணெடுக்காமல் பார்த்தாள்.
எதுவும் ஆடவில்லை. அவள் வயிறும்.
மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்,
அப்போது மட்டும்
ஊர் முழுவதும் ஒரு கணம் நடுங்கி நின்றது.

முன்பு இந்தக் கேள்வியை எலிகளிடம் கேட்டார்கள்.
தாழ்வாரக் கோடியில் அந்தக் கூண்டறை.
இப்போது ஐவோவின் பனிச்சறுக்குக் கட்டைகளும்
கால் உடைந்த ஒரு மேசையும் அங்கே.
மரத்தூள் வாசம் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

இன்று மருந்து நாள்.
பெயர் சூட்டாத மருந்து, ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும்.
கட்டிக்குச் சோறு கொண்டுபோகும் நாளங்களை அறுக்குமாம்.
நல்லதையும் சேர்த்து அறுக்குமா என்பதுதான் கேள்வி.
முதல் வரிசைக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதற்குத் துளியில் துளி.
கடைசி வரிசைக்குக் கைநிறைய.
எல்லா வரிசையிலும் 47தான்.

கை நடுங்கவில்லை. பதினாறு வருடப் பழக்கம்.
கடைசிக் குழிகளில் மட்டும்
மூச்சை விட மறந்திருந்தாள் போல,
முகக்கவசம் பிறகு சட்டென்று உப்பியது.

"முடிந்ததா?" என்றான் ஐவோ தொலைபேசியில்.
"முடிந்தது. ஆறாம் குழியில் காற்றுக்குமிழி.
அதைக் கணக்கில் சேர்க்காதே."

செவ்வாயன்று எண்ணுவார்கள்:
எத்தனை கிளை, எத்தனை சந்தி,
எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்.

பாலத்தில் கொஞ்சம் நின்றாள்.
அந்த ஆற்றை அவர்கள் மொழியில் தாயாறு என்கிறார்கள்.
பனிக்கட்டியில் துளையிட்டு ஒருவன்
தூண்டிலோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.
துளைக்குள் தண்ணீர் கறுப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் லீசி அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள்.
அம்மாவின் குளிர்ந்த விரலை இழுத்து
வாயில் வைத்துக் கடித்தாள்.
இரண்டே பல். நல்ல கூர்மை.
விரல்நுனியில் ஒரு சிவப்புத் துளி
எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.