விவசாயி மூன்று

இடப்பக்கம், வலப்பக்கம், நேர்.
சிரிக்காமல் ஒன்று, சிரித்து ஒன்று
என்று கேட்டிருந்தார் ஏஜென்ட் டேனியல்.
மன்னார்குடி ஸ்டுடியோப் பையன்
பாஸ்போர்ட்டுக்கா சார் என்றான்.
சினிமாவுக்கு என்றேன்.
விளக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

வயது அறுபத்தொன்று. உயரம் ஐந்தரை.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
நெல் கொள்முதல் நிலையம், பட்டியல் எழுத்தர்,
முப்பத்தொரு வருஷம் என்று எழுதி
அடித்துவிட்டு
இல்லை என்று எழுதினேன்.

அபயாம்பாள் ஒன்றும் சொல்லவில்லை.
மருமகன் வந்திருக்கும்போது மட்டும்
இந்தப் பேச்சு வேண்டாம் என்றாள்.
பிறகு அவளே
வேட்டிக்கு நீலம் போட்டாள்.

முதல் படத்தில் கல்யாணப் பந்தி.
எட்டு மணி நேரம் ஒரே இலை, ஒரே லட்டு.
கடிச்சிடாதீங்க பெரியவரே என்றார்கள்.
நான் சர்க்கரைக்காரன்,
அந்த ஏக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
அடுத்ததில் எழவு வீட்டு வாசல் நாற்காலி.
மாமா உங்க முழங்கால் வந்துச்சு என்று
தியேட்டரிலிருந்தே போன் செய்தான் தங்கை மகன்.

மூன்றாவதற்கு
நீடாமங்கலம் தாண்டிக் கோரையாற்றங்கரையில் செட்.
வேனிலிருந்து இறங்கியவன் நின்றுவிட்டேன்.
தார்ப்பாய். தராசு. சணல் சாக்கு.
ஈரம் பார்க்கும் கருவி வைத்த மேசை.
மேசைக்குப் பின்னால் என் நாற்காலி.
அதில் சென்னைப் பையன் ஒருவன்
கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தான்.
என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
தலையில் துண்டு. நெஞ்சில் சேறு,
வாளியில் கரைத்து, பிரஷ்ஷால்.

டைரக்டருக்கு என் மகள் வயதிருக்கும்.
"பதினேழுக்கு மேல ஈரம், எடுக்க முடியாதுன்னு
அவர் சொல்வார்யா. நீங்க அழணும்."
கிளிசரினோடு ஒருவன் வந்தான்.

ஒரு ஐப்பசி.
திருமக்கோட்டைப் பக்கிரிசாமியின் குறுவை நெல்
பதினோரு நாள் ரோட்டில் கிடந்தது.
கருவி பத்தொன்பது காட்டியது.
மூட்டைக்கு இவ்வளவு என்று தந்தவர்களுக்கு
அதே கருவி பதினேழு காட்டியதை
அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.
அழவில்லை.
ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.
டக்.
இன்னொன்றை எடுத்து
என் பட்டியல் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு
முகத்தையே பார்த்தார்.
நான் குனிந்து கார்பன் தாளைச் சரிசெய்தேன்,
ரொம்ப நேரம்.

"அழ வேணாம்மா" என்றேன்.
"ஒருதரம் வேற மாதிரி பண்ணட்டுமா?"
சாக்கில் கைவிட்டால்
மேலே நாலு விரல் நெல், உள்ளே மரத்தூள்.
தேடி ஒன்றைக் கடித்தேன்.
இன்னொன்றை அந்தப் பையன் முன்னால் வைத்தேன்.
அவனுக்கு வசனம் மறந்துவிட்டது.
குனிந்து மேசையில் எதையோ தேடினான்.
கட் சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
கடிக்கிற சத்தம் விழவில்லை,
பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சவுண்டுக்காரர்.

எண்ணூறு ரூபாய்.
வவுச்சரில் பெயருக்கான இடத்தில்
விவசாயி மூன்று.
கையெழுத்துப் போட்டேன்.
அவர்கள் சரியாக எண்ணித்தான் கொடுத்தார்கள்.
கடைசி பஸ்ஸில்
காதுக்குப் பின்னால் சேறு உரிந்தது.
பல்லிடுக்கில் ஒரு துணுக்கு உமி,
மன்னார்குடி வரை
நாக்கால் துழாவிக்கொண்டே வந்தேன்.

அந்தக் காட்சி படத்தில் இருக்குமா என்று
டேனியலுக்கும் தெரியாது.
அவர் கூப்பிட்டது வேறு விஷயமாக:
வியாழக்கிழமை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஷூட்டிங்,
படகு தள்ளத் தெரியுமா?
தெரியும் என்றேன்.

அபயாம்பாள் விளக்கணைக்க எழுந்தவள்
சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.
"வாய்க்கால்ல இறங்கவே
என் தோளைப் பிடிக்கிற ஆளு."
இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்றேன்.
"காலையில முதல் பஸ்ஸுக்குப் போங்க" என்றாள்,
"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."