நாற்பத்தொரு பேர், ஒரே கல்

ஜெகதேவி சாலையில் மூன்றாவது கம்பெனி எங்களுடையது.
கல்லறைக் கல் மட்டும். ஏற்றுமதி மட்டும்.
பெயர்களைக் கணினியில் அடித்து
ரப்பர் தாளில் வெட்டிக் கல்லில் ஒட்டுவது நான்.
மணல் பீய்ச்சி எழுத்தைத் தோண்டுவது முனிரத்தினம்.
ஒன்பது வருடமாகிறது.
அமெரிக்காவில் உயிரோடு இருக்கும் ஒருவரையும்
எனக்குத் தெரியாது.

வருடங்களைத் தெரியும்.
தேய்ந்த கல்லுக்கு மாற்றுக்கல் கேட்பார்கள்.
தாயும் பிள்ளையும் ஒரே வாரம், 1918 என்றால்
விஷக்காய்ச்சல்.
பத்தொன்பது வயது, 1968 என்றால்
நம் பக்கத்து வெயிலில், ஏதோ நெல்வயலில்
விழுந்த பையன்.
பள்ளிக்கூடத்தில் நான் படிக்காத சரித்திரம்
இறந்த தேதிகளாக என்னிடம் வந்து சேர்கிறது.

காலைப் பேருந்தில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை
ஜன்னலில் ஏறி இறங்கும்.
யார்க்டவுனில் தோற்ற நாளில்
உடம்பு சரியில்லை என்று சொல்லி
வாளை இன்னொருவன் கையில் கொடுத்தனுப்பிய தளபதி
பத்து வருடம் கழித்து
இந்தப் பாறைக்குப் படை அனுப்பினான்.
பாறை விழவில்லை.
மறுவருடம் ஒரு காகிதத்தில் பாராமகால் மொத்தமும் போனது.
அங்கே விட்டதை இங்கே பிடித்தான்.
அவர்கள் விடுதலையின் பாக்கி
நம் பேரில் எழுதப்பட்டதோ என்று
சில நாள் தோன்றும்.
அதற்குள் என் நிறுத்தம் வந்துவிடும்.

இந்த மாதம் டெக்சாஸிலிருந்து ஒரு ஆர்டர்.
கார் நிறுத்தத் தோண்டிய இடத்தில்
நாற்பத்தொரு பேர்.
பட்டியலில் குடும்பப் பெயரே இல்லை.
ஹானா. டைனா. பெரிய ஜேக்கப். சின்ன ஜேக்கப்.
சூசி, வயது ஒன்பது.
எழுத்துப் பிழை வரக்கூடாதென்று
பண்ணைக் கணக்கின் நகலையும் அனுப்பியிருந்தார்கள்.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டாலர்.
அதே பக்கத்தில் ஒரு ஜோடி கோவேறு கழுதை,
சூசியைவிட விலை கூட.

கீழே இரண்டு தேதி கேட்டிருந்தார்கள்.
1863 ஜனவரி, விடுதலை என்று காகிதம் சொன்ன நாள்.
1865 ஜூன், அந்தக் காகிதத்தை
அவர்கள் ஊரில் வாசித்த நாள்.
இடையில் இரண்டரை வருடப் பருத்தி.

முனிரத்தினத்துக்கு எழுத்து தெரியாது.
ஆழம் தெரியும்.
"என்னம்மா போட்டிருக்கு?" என்றார்.
வாசித்தேன்.
"எவ்வளவு முன்பணம் வாங்கியிருந்தாங்களாம்?"

அக்கா கல்யாணத்துக்கு எழுநூறு ரூபாய்
வாங்கினார் அவர் அப்பா.
பர்கூர் தாண்டி ஒரு குவாரி.
அப்பா பாறை உடைக்க, பிள்ளை ஜல்லி உடைக்க,
எழுநூறு எண்ணூறானது, ஆயிரத்து நூறானது.
கொத்தடிமை ஒழிந்தது என்று
சட்டம் வந்தது எழுபத்தாறில்.
ஜீப்பில் வந்து ஒரு அதிகாரி அதைப் படித்துக் காட்டியது
எண்பத்தொன்பதில்.
டெல்லி அவ்வளவு தூரம் போல.

"முன்பணமே இல்லண்ணா. ஆளையே வாங்கினது" என்றேன்.
"அப்போ கழிக்கறதுக்குக் கணக்கே இல்ல"
என்று முகத்துணியை ஏற்றிக் கட்டினார்.

சூசிக்கு மட்டும் மணலை இரண்டு தரம் பீய்ச்சியிருக்கிறார்.
ஒரு நூல் ஆழம் அதிகம்.
அளவு பார்க்கும் ரஹமத்துல்லா
ஸ்கேலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்,
சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெயர் கிடைக்காத பத்தொன்பது பேருக்கு
அடியில் இடம் விடச் சொல்லியிருந்தார்கள்.
என்றாவது கிடைக்கலாமாம்.
பில் போடும்போது கேட்டேன்.
வெறும் இடத்துக்கும் அதே சதுர அடிக் கணக்குத்தான்
என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏறியது.
சனிக்கிழமை சம்பளம்.
மகளின் கல்லூரிக்காக வாங்கிய பன்னிரண்டாயிரம்
என் பேரிலும் நிற்கிறது.
மாதம் ஆயிரம் பிடிக்கிறார்கள்.
குறைகிறது.
குறைகிறதா என்று
ஒவ்வொரு மாதமும்
இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறேன்.