எட்டும் நாலும்

சோலைமலை வந்தபோது
ஒரு பெட்டி, ஒரு மேஜை விசிறி,
பழைய வேட்டியில் சுற்றிய இரண்டு ஸ்பீக்கர்.
எல்லீஸ் நகர் மூன்றாம் மாடி வரை
அவற்றை மட்டும் ஆட்டோக்காரரைத் தொட விடவில்லை.

என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன.
பி.எஃப். முன்பணத்தில், ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து,
டவுன் ஹால் ரோட்டில் ஒரு மழைநாளில் வாங்கியவை.
முதல் கல்யாணத்தைவிட அதிக நாள் உழைத்தவை.

"நாலும் சேர்ந்தா மண்டபம் மாதிரி இருக்கும்" என்றார்.
என் கம்பியின் தலையிலேயே
தன் கம்பியையும் முறுக்கினார்:
சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு.
நாகஸ்வரம் எழுந்தது.
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் பேசின.
நாலாவது நிமிடம்
டிக்.

பல்லி என்றார். நல்ல சகுனம் என்றார்.
ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கை வைத்தேன்:
தோசைக்கல்.
பல்லி இல்லை, உள்ளே இருக்கும் ரிலே;
போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

பின்பக்கம் எழுதியிருக்கிறது, குருணை எழுத்தில்:
எட்டு ஓம். அதற்குக் கீழே வேண்டாம்.
என்னுடையது எட்டு. அவருடையது நாலு.
தபால் ஆபீசில் இருபத்திரண்டு வருடம்
மணியார்டர் கமிஷன் போட்டவள் நான்.
பழைய பாரத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
இணையாகக் கட்டினால்
எட்டும் நாலும் பன்னிரண்டு ஆகாது,
இரண்டே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு.
இரண்டு மடையை ஒரே சமயம் திறந்தால்
மோட்டாருக்குத்தான் மூச்சு வாங்கும்.

அடுத்த ஞாயிறு தொடராகக் கட்டினோம்.
ஒன்றின் வாலில் மற்றதன் தலை.
பன்னிரண்டு. ஆம்ப்ளிஃபயர் குளிர்ந்து கிடந்தது.
சோலைமலை தலையைச் சாய்த்தார்.
திருமங்கலம் ரூட்டில் விசில் ஊதி ஊதி
இடது காது பாதி போனவர்;
மிச்சப் பாதியில் கண்டுபிடித்துவிட்டார்:
"ஒன்னோடது பாடுது. என்னோடது முனங்குது."

கணக்கும் அதையேதான் சொன்னது.
வரிசையில் நின்றால்
அதிகம் தடுப்பவருக்கு அதிகப் பங்கு.
பக்கத்தில் பக்கமாக நின்றால்
குறைவாகத் தடுப்பவர் அள்ளிக்கொள்கிறார்.
எப்படிக் கட்டினாலும் சரிபாதி கிடையாது.

இதைக் குடும்பத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு
ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.
ஓமைத்தான் சொன்னேன் என்றேன்.

மறுநாள் நேதாஜி ரோட்டில் பேரம் பேசி
மீட்டர் ஒன்று வாங்கி வந்தார்.
என் எட்டில் வைத்தால் ஆறரை காட்டியது.
அவர் நாலில் மூணு சொச்சம்.
"ஒன் ஆளும் பொய்தான் சொல்லுது"
என்று அன்று ராத்திரி வரை சிரித்த முகம்.
சுருதிப்பெட்டிக்கு ஒரு தடை, தவிலுக்கு ஒரு தடை,
நொடிக்கு நொடி மாறுவதை
ஓர் எண்ணுக்குள் மடித்து ஒட்டியிருக்கிறார்கள்
என்று நான் விளக்கத் தொடங்கும்போது
அவர் குழம்பு கேட்டார்.

ஆடி மூன்றாம் வெள்ளி.
எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே
விளக்குக் கம்பத்தில் குழாய் கட்டினார்கள்.
அம்மனுக்கும் கேட்க வேண்டும்,
அடுத்த தெருவுக்கும் கேட்க வேண்டும்.
எட்டு, நாலு, பன்னிரண்டு எல்லாம்
யானை வாயில் போன பொரி.

பத்து மணிக்குப் போலீஸ் ஜீப். குழாய் நின்றது.
பைபாஸில் ஒரு லாரி.
எங்கோ கூழ் அண்டாவைக் கழுவும் சத்தம்.
ஊர் இவ்வளவு தூரம் இருக்கிறதா என்று இருந்தது.

சோலைமலை எழுந்து போய்
மறுபடி சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு.
நான் தடுக்கவில்லை.
குமிழை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டேன்.
இவ்வளவு மெல்லக் கேட்டால்
இரண்டே முக்காலையும் தாங்குகிறது;
சோதித்தது இதுவரை நாற்பது நிமிடம்.

அவர் தரையில் உட்கார்ந்து
நல்ல காதை என் ஸ்பீக்கரில் ஒட்டினார்.
கொஞ்ச நேரம் கழித்து, கெட்ட காதை.

டிக்.

இருவர் கையும் ஒரே நேரத்தில்
ஆம்ப்ளிஃபயரின் முதுகில்.
வெதுவெதுப்புதான். நாகஸ்வரம் நிற்கவில்லை.
டியூப்லைட் ஓரமாக
ஒரு வால் நகர்ந்து போனது.