மூன்றாம் எண் குழாய்

பாலிக் பூலாவுக்கு இறங்கும் வளைவுகளில்
கார் ஒரு பக்கம் போனது,
பின்னால் இழுபட்ட வீடு வேறு பக்கம்.
துரியான் தோப்புக்குள் எங்களுக்கு மூன்றாம் எண் இடம்.
அதில் கேரவனைப் பின்னோக்கிச் செருக
லோகேந்திரனுக்கு ஏழு முறை ஆனது.
பக்கத்து இடத்து ஊய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
முழுவதும் பார்த்தார்.
சிரிக்கவில்லை. அதுவே பெரிய உதவி.

தண்ணீர் என் பொறுப்பு.
பாயா தெருபோங்கில் பதினேழாவது மாடி எங்களுடையது.
தண்ணீர் வெட்டு என்று கீழே தாள் ஒட்டினால்
லிஃப்டுக்குள் வாளியோடு நிற்பவள் நான்தான்.
குழாய்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு.

எடுத்தவுடன் எதையும் மாட்டக் கூடாது. திறந்து விட வேண்டும்.
குழாய் இருமியது,
காற்றைத் துப்பியது,
தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் தந்தது,
ஓர் எறும்பு, ஒரு காய்ந்த இலைக் காம்பு,
அப்புறம்தான் தண்ணீர்.

மலைத் தொட்டியிலிருந்து நேராக வருது,
ராத்திரி எல்லாரும் படுத்ததும் வேகம் கூடும்,
பெலான்-பெலான் என்று
காற்றைக் கையால் அமுக்கிக் காட்டினார் தோப்புக்காரர் ரோஸ்லான்.
அதற்குத்தான் இந்தப் பித்தளைக் கட்டை.
குழாயின் வாயிலேயே இதை மாட்டிவிட்டால்
மலையின் கோபம் இதோடு நிற்கும்.
போன வருஷம் இதை அடுப்படியில் மறந்துவிட்டு வந்தோம்.
மூன்று இரவுகள் ஈர மெத்தை.

குழாய் முக்கால் இஞ்ச், ஹோஸ் அரை இஞ்ச்.
நடுவில் ஒரு தரகர் தேவை.
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன்.
உதவுகிறேன் என்று ஹேமரூபினி உட்கார்ந்து
உருண்டதையெல்லாம் பொறுக்கினாள்.
வெள்ளை டேப்பை மரையின் போக்கிலேயே சுற்ற வேண்டும்.
எதிராகச் சுற்றினால் திருகத் திருகச் சுருண்டு வெளியே வரும்,
சமாதானம் பேசப் போன மாமாவைப் போல.
கைக்கு இறுகியதும் இன்னும் ஒரு கால் சுற்று.
அதற்கு மேல் ஸ்பேனருக்கு வேலையில்லை.

"மா, வருது!"
உள்ளே இருந்து அவள் கத்தினாள்.
நான் முழங்காலில் மண்ணோடு
அரசாங்கமே அமைத்துவிட்டவள் போல் எழுந்தேன்.

மழை வந்தது, நின்றது.
நடுராத்திரி விழித்துக் கிடந்தேன்.
இலையிலிருந்து விழும் சொட்டுக்குக் கணக்கு இல்லை,
நினைத்தால் விழும்.
இது வேறு. இது எண்ணி எண்ணி விழுகிறது.
இது என்னுடையது.

கைப்பேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
கேரவன் ஓரம் தவழ்ந்தேன்.
ஒரு தவளை விலகி வழி விட்டது.
குழாயை மூடிவிட்டு, ஹோஸ் கேரவனில் சேரும் இடத்தைக் கழற்றினால்
உள்ளே கறுப்பு வாஷர் இல்லை.
போட்டேன் என்று
கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.
டின்னில் தேடினேன். இல்லை.

கட்டிலில் அவள்
கன்னத்தின் கீழே கையைக் கொடுத்துத் தூங்குகிறாள்.
பெருவிரலில் கறுப்பு மோதிரம்.

மெதுவாக உருவப் பார்த்தேன்.
விரல் மடங்கிக்கொண்டது.

குழாயை மூடியே வைத்தால் தீர்ந்தது கதை.
ஆனால் மூன்று மணிக்கு இவள் எழுந்து
பாதிக் கண்ணில் கழிவறைக்குப் போவாள், கை கழுவுவாள்,
தண்ணீர் வராவிட்டால் முழுக்க விழித்துவிடுவாள்.
அப்புறம் யாருக்கும் தூக்கமில்லை.

ஹோஸைத் திரும்ப மாட்டினேன், குழாயைத் திறந்தேன்,
மீ வேகவைத்த சட்டியைக் கழுவி
சொட்டுக்கு நேராக வைத்தேன்.
முதலில் தகரச் சத்தம்.
கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் தண்ணீர் விழும் சத்தம்.
அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

விடியும்போது சட்டி வழிந்துகொண்டிருந்தது.
அதிலேயே கோப்பி போட்டேன்.
லோகேந்திரனுக்கு ஒன்று, ஊய்க்கு ஒன்று.
நல்ல தண்ணி என்றார் ஊய்.
ராத்திரி முழுக்க வடிந்தது என்று நான் சொல்லவில்லை.
மோதிரக்காரி இன்னும் எழவில்லை.