ஏழாம் நம்பர்

நெய்னா முகம்மது கடையில்
மணிக்கு ஐம்பது காசு.
ஏழாம் நம்பருக்கு மட்டும் நாற்பது:
பிரேக் கிடையாது.

வாலிநோக்கத்தில் அது பெரிய குறையில்லை.
எந்தத் தெருவில் விட்டாலும்
கடைசியில் மணல் பிடித்து நிறுத்திவிடும்.

கம்பிக்குள் கால் நுழைத்து
சீட்டை அக்குளில் இடுக்கி
கோணலாய் மிதித்தாள் மைமூனா.
கேரியரில் நான்.
வாடகை வண்டிக்கு
ஊர்ப்பிள்ளைகள் வரிசை நின்ற லீவு அது.

அமாவாசை வெள்ளம்
மணலைத் தாண்டி ஏறியிருந்தது
எங்களுக்குத் தெரியாது.
வழிவிடச் சொல்லி
மணியடித்தாள், அடித்தாள்.
கடல் விலகவில்லை.

நெய்னா திட்டவில்லை.
செயினைத் தொட்டு
விரலை நக்கிப் பார்த்தார்.
"நல்ல தண்ணி ரெண்டு குடம்
கொண்டாங்க."

லாரி வராத மூன்றாவது நாள்.

அவள் வீட்டிலிருந்து ஒன்று
எங்கள் வீட்டிலிருந்து ஒன்று.
உம்மாவிடம் என்ன பொய் சொன்னேனோ.
ரிம், போக்ஸ், பெடலின் இடுக்கு
ஒவ்வொன்றாய்க் கழுவினார்,
ஒரு சொட்டும் சிந்தாமல்
அவ்வளவையும் ஊற்றி.

இரவு மீன் ஆணம்.
காரம்.
யாரும் இரண்டாம் முறை
தண்ணீர் கேட்கவில்லை.

கடை வாசலில்
ஏழாம் நம்பர் மட்டும்
வயிறு நிறையக் குடித்துவிட்டு
ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.