இன்னும் ஒரே வளைவு

கட்டில் முழுக்க வரைபடம்.
உசிலம்பட்டியின் மேல் செயின் எண்ணெய் சொட்டிவிட்டது.
அந்த ஊரை இனி மனப்பாடமாகத்தான் கடக்கணும்.
ஜன்னலுக்கு வெளியே சிம்மக்கல்,
கடைசி பஸ் ஆளைக் கூவிக்கொண்டே நகர்கிறது.

எட்டுப் பேர். ஐந்து நாள். நூற்றைம்பது கிலோமீட்டர்.
முன்பணம் போட்டவர்கள் ஆறு பேர்.
"நாளைக்குப் போட்டுடுறேன்" என்றவர்கள் இரண்டு பேர்,
அதில் ஒருவர் ஆடிட்டர்.

ஆடியில் போனால்
கம்பம் பள்ளத்தாக்கின் மொத்தக் காற்றும்
நெஞ்சில் கைவைத்துத் திருப்பி அனுப்பும்.
அதனால் தை.
தையில் பழம் இருக்குமா என்று போன் போட்டேன்.
"இங்கே எப்ப இல்ல?" என்றார் லூர்தம்மாள்,
கொஞ்சம் கோபமாகவே.

படிவத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்:
கடைசியாக சைக்கிள் ஓட்டியது எப்போது?
ஆடிட்டர்: "1994. ஆனால் நன்றாக ஓட்டினேன்."
பெரியாஸ்பத்திரி நர்ஸ் சகாயமேரி:
"இன்று காலை. நைட் டியூட்டி முடிந்து."
மகால் பக்கத்துத் துளசிராமும் பத்மினியும்
ஒரே படிவம், ஒரே கையெழுத்து:
"அவர் ஓட்டுவார். நான் வேனில் வந்து பார்க்கிறேன்."
எதைப் பார்ப்பார் என்று எழுதவில்லை.

திராட்சை மலை என்றால் ஒயின் உண்டா மேடம்,
ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு
ஒருவர் கேட்டார்.
உண்டு என்றால் பொய்.
இல்லை என்றால் இரண்டு சைக்கிள் காலி.
"கொடியில இருக்கு சார், பாட்டிலுக்கு வரல" என்றேன்.
லூர்தம்மாள் வீட்டு அடுப்படியில்
கிறிஸ்துமஸுக்குப் போட்ட பீங்கான் பரணி ஒன்று உண்டு.
ஆளுக்கு அரை டம்ளர் தேறலாம்.
அதை நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

எழுதியது இவ்வளவு:
பந்தல் ஐந்தரை அடி, எல்லோரும் குனிந்து நடக்கவும்.
இலையில் தெரியும் நீலம் மயில்துத்தம்,
பறித்த கையோடு வாயில் போடவேண்டாம்.
டியூப் பன்னிரண்டு. பம்பு இரண்டு.
எலுமிச்சை, உப்பு, சீனிச்சாமியின் வேன்.

இரண்டாம் நாள் காலம் மட்டும்
மூன்று நாளாக அப்படியே நிற்கிறது.
உசிலம்பட்டிக் கணவாய்: மிதமான ஏற்றம்.

போன வாரம் தனியாக அளக்கப் போனேன்.
முதல் வளைவில் பாட்டு வந்தது.
இரண்டாவதில் பாட்டு நின்றது.
அதற்கு மேல்
என் மூச்சை நானே பின்னால் நின்று கேட்டேன்,
யாரோ மரம் அறுப்பதுபோல்.
இறங்கித் தள்ளினேன்.
ஆட்டு லாரி ஒன்று வேகம் குறைத்து
"என்னக்கா, செயின் அந்துபோச்சா?" என்றது.
"ஆமா தம்பி" என்றேன்.
செயின் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

சீனிச்சாமிக்கு இதெல்லாம் பழக்கம்.
"மேட்ட நாம கொறைக்க முடியாதுக்கா,
வளைவத்தேன் கொறைச்சுச் சொல்லணும்.
இன்னும் ஒரே வளைவுன்னு
நாலு தடவ சொன்னா
ஏறிருவாக."
அவன் சொல்வதில் தப்பில்லை.
நானும் நாலு வருஷமாக
அந்த ஒரே வளைவைத்தான் விற்கிறேன்.

பேனாவை எடுத்தேன்.
மிதமான என்பதை அடித்தேன்.
ஏழு வளைவு என்று எழுதினேன்.
கீழே, யோசித்து, சின்ன எழுத்தில்:
இறங்கித் தள்ளலாம். நானும் தள்ளினேன்.
போட்டோ எடுத்து
எட்டுப் பேருக்கும் அனுப்பிவிட்டு
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
யார் முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்று.

ஆடிட்டர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
பணம் அல்ல, கட்டைவிரல்.
சகாயமேரி டியூட்டியில் இருக்கிறாள்.
பதினொன்றே முக்காலுக்கு
துளசிராம் நம்பரிலிருந்து ஒரு குரல், மெதுவாக,
பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாத குரல்:

"தள்ளிக்கிட்டு வரலாம்னா
எனக்கும் ஒரு சைக்கிள் போடுங்க.
சீட்ட மட்டும் கொஞ்சம் எறக்கி வைங்க."

கட்டிலுக்கடியில் குனிந்து
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரைத் தேடுகிறேன்.